வேலிக்குள் கீரி, வாசலில் நாய், வானத்தில் பருந்து... காங்கேயம் சாளையில் ஒரு கோழிக் குடும்பம்!

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் நெடுஞ்சாலையை விட்டு எந்த மண் தடத்தில் இறங்கினாலும், இரண்டு பக்கமும் கிளுவை வேலிதான். ஆள் உயரத்துக்கு முள்ளும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கும் உயிர்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு. கொழுக்கட்டைப்புல், இடையிடையே குடை விரித்த வெள்வேல மரங்கள், நிழலில் அசைபோடும் காங்கேயம் மாடுகள், தலை கவிழ்ந்து மேயும் செம்மறிகள் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேய்ச்சல் காடு.

இங்கே வீடுகள் தெருவாகக் கூடி நிற்பது குறைவு. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. 'சாளை' என்கிறார்கள். சில இடங்களில் ஒரு சாளையில் நின்று கத்தினால் அடுத்த சாளைக்குக் கேட்காது. அதனாலேயே நாய் இல்லாத சாளையைப் பார்ப்பது அபூர்வம். கோழி கிளறாத வாசலைப் பார்ப்பது அதைவிட அபூர்வம்.

அப்படி ஒரு சாளையில் 62 வயது ஆத்தா ஒருவர் 40 வருடங்களாகக் கோழி வளர்க்கிறார். "பேரு, போட்டோ எல்லாம் வேண்டாஞ் சாமி. கோழியப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்கிறார். இப்போது அவரிடம் 19 பெட்டைகள், 2 சேவல்கள், பஞ்சாரத்துக்குள் 11 குஞ்சுகள். போன ஐப்பசிக்கு முன்பு பெட்டைகள் மட்டுமே 24 இருந்தன. நடுவில் ஒரு ராத்திரி வந்து போனது. அந்த ராத்திரியைப் பற்றிப் பேச ஆத்தாவுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

முட்டைக் காசு... மாத்திரைக் காசு!

விடிந்ததும் முதல் வேலை கூட்டைத் திறப்பது. கருங்கல்லில் கட்டிய பழைய கூடு. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் பலகை போட்டு, முன்பக்கம் கம்பி வலைக் கதவு. கதவு திறந்ததும் சேவல் முதலில் இறங்கி, றெக்கையை அடித்துக்கொண்டு ஒரு சுற்று பார்க்கிறது. பிறகுதான் பெட்டைகள்.

எல்லாமே சிறுவிடை ரகம். பெருவிடை போல கறிக்கு எடை வராது. ஆனால், வீட்டு வளர்ப்புக்கு இதுதான் தோது என்பது ஆத்தாவின் கணக்கு. ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை வரை இடும். பிறகு தானே அடைக்கு உட்கார்ந்துவிடும். 21-ம் நாள் குஞ்சு.

அடை வைக்கும் கூடையில் மணல் பரப்பி, அதன் மேல் முட்டைகளை அடுக்குகிறார். ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு அடுப்புக்கரி, நான்கு வரமிளகாய். "இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆயிரும்னு எங்க மாமியா வெப்பாங்க. நானும் வெக்கறேன். பலிக்குதோ இல்லையோ, வெக்கலைன்னா மனசு கேக்காது" என்று சிரிக்கிறார்.

குஞ்சுகளுக்கு முதல் தீனி கம்பு நொய். கூடவே கறையான். பழைய மண்பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு, கறையான் அரித்த இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், விடியலில் பானை நிறைய கறையான். பானையைத் தட்டினால் போதும், தாய்க்கோழி கூப்பிடும் சத்தத்தில் குஞ்சுகள் உருண்டோடி வருகின்றன.

முட்டையைத் தேடி காங்கேயத்திலிருந்தே ஆள் வருகிறார்கள். பிரஷர், சுகர் மாத்திரை, பேத்திக்குப் பண்டம், கோயிலுக்குப் போனால் தட்டில் போட 10 ரூபாய் எல்லாம் அந்தக் காசுதான். "எம்மவன் குடுக்க மாட்டான்னு இல்லீங்க. கேக்கற மாதிரி நான் வெச்சுக்கறதில்லை. அவ்வளவுதான்."

சேவலுக்குத் தெரிந்த ரெண்டு பாஷை

"கோழி வளக்கறது பெரிய வித்தையா? பொழுதோட அடைச்சு, வெடியால தொறக்கறதுதான். ஆனா, நடுவுல எத்தனை வாயி காத்துக்கிட்டு இருக்குதுங்கறத மறந்தரக் கூடாது" என்று வானத்தைக் காட்டுகிறார் ஆத்தா. தென்னைக்கு மேலே கரும்பருந்து ஒன்று வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

பருந்தைவிட வைரிக்குத்தான் ஆத்தா அதிகம் பயப்படுகிறார். பருந்து வட்டமடித்து, தான் வந்திருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வைரி மரத்துக்குள் மறைந்திருந்து ஒரே பாய்ச்சலில் குஞ்சைத் தூக்கும். பொரித்த முதல் வாரத்தில் காக்காய்கூட எதிரிதான்.

சேவல் சட்டென்று தலையைச் சாய்த்து, மெல்லிசாக இழுத்து ஒரு குரல் கொடுக்கிறது. அடுத்த நொடி வாசல் காலி. எல்லாம் கிளுவை வேலிக்கு அடியில். இதுவே தரையில் நாயோ கீரியோ வந்தால் வேறு குரல். விட்டு விட்டு, ஊரைக் கூட்டுவதுபோல் கொக்கரிக்கும். வானத்து ஆபத்துக்கு ஒரு குரல், தரை ஆபத்துக்கு ஒரு குரல் என்று கோழிகள் பிரித்துக் கத்துவதை விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆத்தாவுக்கு இது புதுச் செய்தி இல்லை. அடுப்படியில் இருந்தபடியே, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் குரலை வைத்தே முடிவு செய்கிறார்.

ஆனால் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கும் அதே வேலிக்குள்தான் கீரியும் குடியிருக்கிறது.

"வேலிய வெட்டிப் போட்டா கீரிப்புள்ள போயிரும். அப்புறம் பருந்து வந்தா குஞ்சு எங்க போய் ஒளியும்? கீரி இல்லைன்னா பாம்பும் எலியும் ஊட்டுக்குள்ள வந்துரும். அதும்பாட்டுக்கு அது இருக்கட்டும். நம்ம பண்டத்த நாமதான் பாத்துக்கோணும்."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கீரி, காட்டுப்பூனை, பருந்து எல்லாமே 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கோழியைத் தூக்கியதற்காக விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் குற்றம்.

கொத்து வாங்கிய குட்டி

வாசல் திண்ணை ஓரத்தில் செவலை நிறத்தில் படுத்திருக்கிறது மணி. நாட்டு நாய். வயது 4. கோழி ஒன்று அதன் வாலுக்குப் பக்கத்தில் கிளறி மண்ணை அதன் மேலேயே வாரி இறைக்கிறது. மணி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறது.

இந்தப் பொறுமை தானாக வந்ததில்லை. 2 மாதக் குட்டியாகக் கொண்டுவந்தபோதே, குஞ்சுகளோடு இருந்த தாய்க்கோழியின் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். குஞ்சைப் பிடிக்க விளையாட்டாகப் பாய்ந்த குட்டி, ஒருநாள் வெளியே இருந்த தாய்க்கோழியிடம் மூக்கில் நன்றாகக் கொத்து வாங்கியது. "அதுதான் அதுக்குப் பள்ளிக்கூடம். கோழின்னா ஒதுங்கிப் போகோணும்னு அன்னிக்குக் கத்துக்கிச்சு."

கூடவே சில கட்டுப்பாடுகள். கோழி அறுத்தால் குடலையோ தலையையோ பச்சையாக நாய்க்குப் போடுவதில்லை. உடைந்த முட்டையைக் காட்டுவதில்லை. கோழியைத் துரத்தினால் அந்த நொடியே அதட்டல். அரை மணி நேரம் கழித்து அடித்தால், எதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாது.

கன்னி, சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாய்களைக் கோழிக்குக் காவல் வைக்க இந்தச் சாளையில் யாரும் துணிவதில்லை. முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே பழக்கிய இனங்கள் அவை. கண்முன் ஏதாவது ஓடினால், துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது.

அந்த ஐப்பசி ராத்திரி

போன ஐப்பசியில் நல்ல மழை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் ஆத்தா திரும்பியிருக்கிறார். கோழிகள் தாமாகவே கூட்டில் ஏறியிருந்தன. கதவைச் சாத்தினார். மழைக்கு ஓடி வந்துவிட்டார்.

விடியலில் எழுந்து பார்த்தபோது கூட்டின் கதவு திறந்து கிடந்தது. வாசலெங்கும் இறகு. 11 பெட்டைகள் செத்துக் கிடந்தன. ஒன்றைக்கூட முழுதாகத் தின்னவில்லை. கடித்துக் குதறிப் போட்டது போட்டபடி. சேவலும் மிச்சக் கோழிகளும் முருங்கை மரத்து உச்சியில்.

கூட்டுக்கு முன்னால் மணி படுத்திருந்தது. இடது காது கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. வாயோரத்தில் ஒரு இறகு.

"எம்மவன் பாத்த ஒடனே, 'இதுதான் வேலை பண்ணியிருக்குது, கொண்டுபோயி எங்காச்சும் உட்டுட்டு வந்தர்றேன்'னான். எனக்குப் பேச்சே வரலை. வெளி நாயிக கூடச் சேந்தா, ஊட்டு நாயும் புத்தி மாறிரும்னு சொல்லுவாங்க. ஆனா காது எப்புடிக் கிழிஞ்சுது?"

வந்து பார்த்த கால்நடை மருத்துவர் கடி அடையாளங்களைப் பார்த்து, நாய்கள்தான் என்றார். ஈர மண்ணில் பல அளவுகளில் கால் தடங்கள். அவற்றில் மணியின் தடமும் இருந்தது. குறுக்கே நின்றதா, கூடச் சேர்ந்ததா என்பதைத் தடம் சொல்லவில்லை.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். தெருநாய் கடித்திருக்கக்கூடும் என்பதால், வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், மணிக்கு மறுபடி தவணை முறையில் ஊசி போட வேண்டும். கொஞ்ச நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும். தொலைவில் கொண்டுபோய் விடும் பேச்சு அத்தோடு நின்றது. வெறி பிடிக்குமா என்று தெரியாத நாயை இன்னொருவர் ஊரில் விட மகனுக்கும் மனம் வரவில்லை.

ஒரு சாளையின் கவலை மட்டுமில்லை

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரத்தில் இந்தக் கதை பல பட்டிகளில் நடந்திருக்கிறது. கூட்டமாக வரும் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு மறியல் செய்வதும் 2024, 2025-ம் ஆண்டுகளில் அடிக்கடி செய்தியானது.

இறைச்சிக் கழிவை மூட்டை கட்டிச் சாலையோரம் வீசுவதுதான் நாய்களை இந்தப் பக்கம் இழுக்கிறது என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. 2023-ம் ஆண்டின் விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 'ஊசி போட்ட நாய் ஆட்டைக் கடிக்காதா?' என்று கேட்கிறார்கள் பட்டி வைத்திருப்பவர்கள். அந்தக் கேள்விக்கு அவர்களுக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை.

மணி கட்டுக்குள் இருந்த 40 நாள்

நாயைக் கட்டிப்போட்ட முதல் வாரம் அமைதி. இரண்டாவது வாரம் கீரி வந்தது. அதுவும் பட்டப்பகலில். குஞ்சுகளில் இரண்டு போயின. அடுத்த நாள் ஒன்று. பிறகு வைக்கோல் போருக்குள் முட்டையிட்டிருந்த பெட்டையின் 9 முட்டைகள். மணி சங்கிலி முழுக்க இழுத்துக்கொண்டு குரைத்தது. சங்கிலி எவ்வளவு நீளம் என்பது கீரிக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பத்தான் புரிஞ்சுது. இத்தனை வருசமா அது சும்மா படுத்துக் கெடக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். படுத்துக் கெடந்ததே வேலைதான்" என்கிறார் ஆத்தா.

40 நாள் கழித்து முதலில் நீளக் கயிற்றில் விட்டார்கள். கோழிகள் நடுவே ஆத்தாவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மணி ஒரு கோழியைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்படியே 15 நாள். பிறகு கயிறும் போனது.

யார் வந்தது... எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆத்தாவின் அனுபவமும் கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் ஒத்துப்போகும் விஷயங்கள் இவை.

* நிறைய கோழிகள் தின்னப்படாமல் குதறிக் கிடந்தால் பெரும்பாலும் நாய்.

* பகலில் முட்டையும் குஞ்சும் குறைந்தால் கீரியைச் சந்தேகிக்கலாம். இரவில் ஒரு கோழி மட்டும் தடமின்றிக் காணாமல் போனால் காட்டுப்பூனை அல்லது மரநாய்.

* பெரிய கண் வலையில் கீரி நுழைந்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட கம்பி வலையே பாதுகாப்பு. வலையின் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணில் புதைக்க வேண்டும். தோண்டி நுழைய முடியாது.

* கதவுக்கு ஒன்றுக்கு இரண்டு கொண்டி. அடைக்கும்போது எண்ணி அடைக்க வேண்டும்.

* வீட்டு நாய்க்கு 3 மாத வயதில் தொடங்கி வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம்.

* எந்த மிருகத்தையும்விட அதிகக் கோழிகளைக் கொல்வது வெள்ளைக்கழிச்சல். பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் இருவார முகாமில் தடுப்பூசி இலவசம்.

பொழுது சாய்ந்தது

வெள்வேல மரங்களுக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. செம்மறிகள் பட்டிக்குத் திரும்பும் தூசி தடமெங்கும் எழும்புகிறது. "பா... பா... பா..." என்று ஆத்தா கூப்பிட, வேலிக்கு அடியிலிருந்தும் போருக்குப் பின்னாலிருந்தும் கோழிகள் ஓடி வருகின்றன. பலகையில் ஒவ்வொன்றாக ஏற, விரலை மடக்கி எண்ணுகிறார். 19. சேவல் ரெண்டு. பஞ்சாரத்துக் குஞ்சுகளையும் தாயையும் தனிக் கூடைக்கு மாற்றி வீட்டுக்குள் வைக்கிறார்.

கதவைச் சாத்தி மேல் கொண்டியைப் போடுகிறார். கீழ்க் கொண்டி ஐப்பசிக்குப் பிறகு புதிதாகப் போட்டது. அதையும் போட்டு, கையால் ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார்.

"அன்னிக்கு மணி என்ன பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியாது சாமி. அதுக்கு மட்டுந்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மழை வருதுன்னு கொண்டி போடாம ஓடியாந்தது நானு. அந்தத் தப்புக்கு அத எப்புடித் தொரத்தறது?"

ஆத்தா உள்ளே போகிறார். திண்ணையில் கிடந்த மணி எழுந்து, உடம்பை ஒரு முறை உதறிக்கொண்டு, கூட்டின் கதவுக்குக் குறுக்கே போய்ப் படுத்துக்கொள்கிறது.