லிஸ்பனில் கத்தரிக்கோல் கிடையாது
(பயணத் தொடர் – 3)

விசாவுக்கு அலைந்த கதையைப் போன வாரமே சொல்லி முடித்துவிட்டேன். இனி கடைக்குள் போகலாம்.

28-ம் எண் டிராம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் கிராசா மேட்டில் இருக்கிறது அந்த மருந்துக்கடை. வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு, அதிலேயே மணியும் வெயில் அளவும் மாறி மாறி ஓடும். நான்கு வாரம் இங்கேதான் எனக்குப் பயிற்சி. 1949-ல் லண்டனில் தொடங்கிய உலக மருந்தியல் மாணவர் கூட்டமைப்பு நடத்தும் பரிமாற்றத் திட்டம் இது. விமானக் காசு நம்முடையது. தங்க இடமும் வேலை பழக ஒரு கடையும் அந்த ஊர் மாணவர் சங்கம் பார்த்துக் கொடுக்கும்.

கடைக்காரம்மாவை வருகிறவர்கள் எல்லாரும் ‘டோட்டோரா’ என்கிறார்கள். டாக்டரம்மா என்று அர்த்தம். உசிலம்பட்டியில் மெடிக்கல் வைத்திருக்கும் என் சித்தப்பாவை ‘அண்ணே, ஒரு அட்டை குடு’ என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறேன். மரியாதையில் இத்தனை தூரமா என்று முதல் நாள் கொஞ்சம் வயிறு எரிந்தது.

பாஷை தெரியாமல் முழிப்பேன் என்று பயந்துதான் போனேன். டோட்டோரா சாவியை எடுத்து ‘ஷாவ்’ என்றார். அலமாரியைக் காட்டி ‘அர்மாரியு’. ஜன்னல் ‘ஜனேலா’, மேசை ‘மேஸா’. நம் வீட்டுச் சாமான்களுக்கு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன பெயர்கள்தானே! அரை மணி நேரத்தில் பாதிக் கடையை எனக்கே தெரிந்த சொற்களால் சுற்றி வந்துவிட்டேன். மீதிப் பாதிக்குக் கை ஜாடை.

முதலில் வந்த பாட்டி கைப்பேசியை நீட்டினார். குறுஞ்செய்தியில் சில எண்கள், அவ்வளவுதான் மருந்துச் சீட்டு. அவற்றைத் தட்டினால் டாக்டர் எழுதியது திரையில் வருகிறது, அதுவும் கம்பெனிப் பெயராக அல்ல, மருந்தின் பெயராக. டாக்டர் கையெழுத்தைப் படிப்பதையே ஒரு வித்தையாக வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு இங்கே வேலை இல்லை.

அடுத்து ஒரு கட்டடத் தொழிலாளி, கன்னத்தைப் பிடித்தபடி. பல்வலி, ‘பென்-ஊ-ரோன்’ வேண்டும் என்றார். பாராசிட்டமால்தான். நம்மூரில் டோலோ என்று கேட்கிற மாதிரி. இன்னொரு மாணவி பெட்டியை எடுத்து வைத்தாள். நாலு மாத்திரை போதுமே என்று என் கை தானாக மேசை முழுக்கத் துழாவியது. கிடைக்கவில்லை. இரண்டு விரலை வெட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கடையில் மாத்திரை வெட்டக் கத்தரிக்கோலே கிடையாது.

பெட்டி முழுசாகத்தான் போகும் என்று டோட்டோரா பொறுமையாக விளக்கினார். காலாவதித் தேதி பெட்டியில், எப்படிச் சாப்பிடுவது என்ற தாள் பெட்டிக்குள். சீட்டு மருந்து என்றால் பெட்டிக்குப் பெட்டி தனித்தனிச் சதுரக் குறியீடு. அதைக் கருவியில் காட்டினால் போலியா அசலா என்று தெரிந்துவிடும். 2019 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ஏற்பாடு.

சித்தப்பா கடை ஞாபகம் வந்தது. தேதி அச்சிட்ட முனையை யாராவது வெட்டி வாங்கிப் போய்விட்டால், மிச்ச அட்டைக்கு வயது சொல்ல ஆள் இல்லை. ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளுக்கு எழுதினால் இரண்டு நாளைக்கு வெட்டி வாங்குவோரும் உண்டு. தப்புதான். ஆனாலும், கூலி வாங்காத நாளில் இரண்டு மாத்திரை வெட்டித் தந்த அந்தக் கத்தரிக்கோலைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

மதியம் ஒரு பெண்மணி பை நிறைய மருந்தோடு வந்து, மூலையில் இருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். வீட்டில் மிஞ்சியதும் காலாவதியானதும். குப்பையில் போடாமல் கடையில் திருப்பித் தர 1999-லேயே வலோர்மெட் என்ற அமைப்பை உண்டாக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பை கனமாக இருந்தது. வெட்டித் தராத மாத்திரை எல்லாம் அதில் இருந்தது போல எனக்குப் பட்டது.

இந்தியா என்றாலே இங்கே எல்லாரும் கேட்பது ‘கோவாவா?’ என்றுதான். இல்லை, அதற்கும் தெற்கே என்றேன். டோட்டோரா கல்லாவின் அடியிலிருந்து ஒரு பழைய 200 எஸ்குடோ நாணயத்தை எடுத்துக் காட்டினார். அதில் கார்சியா தெ ஓர்ட்டாவின் முகம். 1534-ல் இந்தியாவுக்கு வந்த மருத்துவர். நம் மிளகையும் புளியையும் இஞ்சியையும் பற்றிக் கேள்வி-பதிலாக அவர் எழுதிய புத்தகம் 1563-ல் கோவாவிலேயே அச்சானது. யூத வம்சத்தவர் என்று, செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து எரித்தார்கள். அப்புறம் நாணயத்தில் முகம் போட்டார்கள். அந்த நாணயமும் யூரோ வந்ததும் செல்லாமல் போயிற்று.

ராத்திரி சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, கத்தரிக்கோல் கதையைச் சொன்னேன். அவர் கடையடைக்கும் நேரம் தாண்டியும் விழித்திருந்தார்.

“அப்போ ஒருத்தன் ரெண்டு மாத்திரைதான் வேணும்னா என்னம்மா பண்ணுவாங்க?”

“முழுப் பெட்டியும் வாங்கணும் சித்தப்பா.”

“காசு இல்லேன்னா?”

நாளைக்கு டோட்டோராவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

(தொடரும்)