சத்திரக்காரனுக்குக் கொடுத்தவர் யார்?

மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் அயல்நாட்டில் பிள்ளை இல்லாத வீடு அருகிவிட்டது. மகளுக்குப் பேறுகாலம் என்ற செய்தி வந்ததும், பிள்ளை பெற்றவளுக்கு வேண்டிய மருந்துப் பொடிகளையும் பூண்டு ஊறுகாயையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, அறுபது கடந்த பெற்றோர் வானூர்தி ஏறுகின்றனர். பிறக்கப்போகும் பேரனுக்குக் கொலுசு வாங்க மறவாத அவர்கள், 'அங்கே நாமே நோயுற்றால் செலவை யார் ஏற்பது?' என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் அவ்வாறு சென்றவர்களே. நேர்ந்ததை வாசக அன்பர்களுக்கு உள்ளபடி எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாமும் நம் துணைவியாரும் இலண்டனுக்குப் புறப்பட்டோம். பயணக் காப்பீட்டுப் படிவத்தில், 'முன்னரே ஏதேனும் நோய் உண்டா?' என்றொரு வினா இருந்தது. துணைவியாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. உண்மையை எழுதினால் காப்பீட்டுத் தொகை கூடும் என்று முகவர் சொன்னார். 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அன்று காலையில்தான் லஸ் கோவிலில் திருப்பலி கண்டு திரும்பியிருந்தோம். நாம் செய்ததற்குப் பொய் என்று பெயரிட நமக்குத் தோன்றவில்லை; சிக்கனம் என்றே பெயரிட்டோம்.

பேரன் பிறந்த இருபதாம் நாள் நள்ளிரவில் துணைவியாருக்கு மூச்சுத் திணறியது. மருத்துவ ஊர்தி விரைந்து வந்தது. அவசரப் பிரிவில் ஒருவரும் பணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. விடிந்ததும், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உள்நோயாளியாகச் சேர்க்கவேண்டும் என்றனர். பிற்பகலில் ஓர் அலுவலர் அம்மையார் வந்து, கடவுச்சீட்டையும் நாங்கள் வந்த நாளையும் கேட்டறிந்தார். பிறகு பணிவாகவே சொன்னார்: அவசரப் பிரிவின் சிகிச்சை எவருக்கும் இலவசம், உள்நோயாளியான பிறகு, வெளிநாட்டிலிருந்து வந்து போகிறவர் கட்டணம் செலுத்தவேண்டும், ஆயினும் உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தமாட்டோம், கணக்கு பின்னர் வரும்.

நமக்குச் சினம் மூண்டது. 'மகளும் மருமகனும் இந்நாட்டுக்கு வரி கட்டவில்லையா? நோயாளியின் கட்டிலருகே நின்று பணம் பேசுவது தகுமா?' என்று குமுறினோம். ஒன்பது நாள் கழித்துத் துணைவியார் இறையருளால் நலமுடன் வீடு திரும்பினார். பின்னர் வந்த கணக்கு பல ஆயிரம் பவுண்டு. காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனையின் நோயேட்டைப் பார்த்தது. பன்னிரண்டு ஆண்டுச் சர்க்கரை நோய் அதில் எழுதப்பட்டிருந்தது. பணம் தர மறுத்துவிட்டது. 'காப்பீட்டுக்காரர்கள் இப்படித்தான், மாமா' என்றார் மருமகன். நாமும் தலையசைத்து வைத்தோம்.

சினம் தணிந்தபின் அந்நாட்டு முறையைக் கேட்டும் படித்தும் அறிந்தோம். பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணி 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கியது. அதை நிறுவிய அமைச்சர் அனூரின் பெவன், வெளிநாட்டாருக்கும் இலவச மருத்துவம் வேண்டும் என்று வாதிட்டவர். வந்தவரைப் பிரித்தெடுக்கப் புகுந்தால், உள்ளூரார் அனைவரும் தாம் அந்நியரல்லர் என்று மெய்ப்பிக்க நேரும் என்பது அவர் கருத்து. எனினும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணம் பெற அதிகாரம் அளித்தது. 1982இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2015 முதல் இங்கிலாந்தில், நம் போன்ற நாட்டினரிடம் சாதாரணச் செலவைப்போல் ஒன்றரை மடங்கு பெறுகின்றனர். அவசரமல்லாத சிகிச்சைக்கு முன்பணம் கேட்பது 2017 அக்டோபர் முதல் கட்டாயமாயிற்று. அங்கே வேலைக்கென ஆறு மாதத்திற்கு மேல் தங்க வருவோர், விசாவுடன் நலக்கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்துகின்றனர். 2024 பிப்ரவரி முதல் அது ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மகள் அவ்வாறு செலுத்தியவள், நாம் செலுத்தாதவர்கள். இவ்வளவே வேறுபாடு. நம்மை வஞ்சித்தவர் எவருமில்லை.

கட்டணம் பெறப்படாதவர் யார் என்று பார்த்தபோது நம் உள்ளம் வேறு வழியில் திரும்பியது. அகதிகளும் அடைக்கலம் கோரி நிற்போரும் கட்டணமின்றிக் கவனிக்கப்படுகின்றனர். ஆள்கடத்தலுக்கும் அடிமைத்தொழிலுக்கும் இரையானோரும் அவ்வாறே. சித்திரவதையாலும் குடும்ப வன்முறையாலும் உற்ற காயங்களுக்குக் கட்டணமில்லை. காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்கும் இல்லை. ஒருவரின் காசம் தீர்வது அவர் அண்டையாருக்கும் நலமன்றோ? பேறுகால மருத்துவத்திற்குக் கட்டணம் உண்டு. ஆனால் பணமில்லை என்று எந்தத் தாயையும் திருப்பி அனுப்பலாகாது.

இம்முறையில் குற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கரீபியத் தீவுகளிலிருந்து சிறுவராய் வந்து, பல பத்தாண்டுகள் அங்கேயே உழைத்து முதிர்ந்தவர் சிலரிடம், தாளில்லை என்ற காரணத்தால் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் பணம் கேட்ட கொடுமை 2018இல் வெளிப்பட்டு நாடே தலைகுனிந்தது. பெவன் அஞ்சியது நடந்தேவிட்டது. விதி நல்லதாயினும், அதைச் செலுத்தும் கண்ணில் ஈரம் வேண்டும்.

ஊர் திரும்பிய பின் ஒரு ஞாயிறன்று, பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரோடு இராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு நோயாளிகளைச் சந்திக்கச் சென்றோம். கால் அறுவைக்குப்பின் படுத்திருந்த கணவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. கழுத்தில் மடுமாதா பதக்கம். மன்னாரிலிருந்து 1990இல் படகேறி வந்தவராம். அன்று முதல் முகாம் வாழ்க்கை. செலவைப் பற்றிக் கேட்டோம்.

"இஞ்ச வந்த நாளிலயிருந்து ஆஸ்பத்திரியில ஒருத்தரும் எங்களிட்டக் காசு கேட்டதில்லை, ஐயா. பேரையும் முகாமையும்தான் கேட்பினம்" என்றார்.

அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அம்மூதாட்டிக்கு இத்தனை ஆண்டுகள் கடந்தும் குடியுரிமை இல்லை, அக்குறை பெரிது. ஆயினும் 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், வருமான வரம்பு பாராமல் முகாம்வாழ் இலங்கைத் தமிழரையும் நம் மாநிலம் சேர்த்திருக்கிறது. இந்நகரின் அரசுப் பொது மருத்துவமனையே, கடல் கடந்து வந்து நோயுற்ற கும்பினிப் படைவீரருக்காக 1664இல் கோட்டைக்குள் தொடங்கியதுதான். வந்தவருக்கு மருந்தளிப்பது சென்னைக்குப் பழகிய அறம்.

அம்மூதாட்டியின் முன் நமக்கு நாணம் பிறந்தது. அவர் இல்லாமையால் கொடுக்கவில்லை. உள்ளதைச் சொல்லிப் பெற்றார். நாமோ இருந்தும் கொடுக்க மனமின்றிப் பொய் சொன்னோம். அந்த வாரமே சாந்தோம் பேராலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தோம். அருட்தந்தை ஒன்றே கேட்டார்: "மருமகனிடம் சொல்லிவிட்டீர்களா?"

அன்றிரவு தொலைபேசியில் சொன்னோம். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு மருமகன் சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும், மாமா. கம்பெனிக் கடிதம் முதலில் என் கைக்குத்தான் வந்தது. அத்தை மனம் வருந்துவாங்கன்னு சொல்லலை."

ஐந்நூறு பவுண்டுக்குக் குறையாத மருத்துவக் கடன் இரண்டு மாதம் நிலுவையில் நின்றால், மீண்டும் விசா மறுக்கப்படலாம் என்பது அந்நாட்டு விதி. பேரனை நாங்கள் மறுபடியும் காணவேண்டும் என்பதற்காகவே, அவர் மருத்துவமனையோடு பேசித் தவணை ஏற்றிருக்கிறார். இன்றும் மாதந்தோறும் கட்டிவருகிறார்.

நல்ல சமாரியரின் உவமையைப் பல்லாண்டாகக் கேட்டு வருகிறோம். அவர் காயங்களைக் கட்டியதை நினைக்கிறோம். சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் எண்ணி வைத்ததையும், மேற்செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்ததையும் மறந்துவிடுகிறோம். சத்திரக்காரன் கூலி பெற்றது குற்றமன்று. இரக்கத்துக்கும் ஒரு செலவு உண்டு. அதை யாரோ ஒருவர் ஏற்கிறார். கொடுக்க இயன்றவர் கொடுத்தால்தான், கொடுக்க இயலாதவருக்குச் சத்திரத்தில் இடம் இருக்கும்.

ஆகவே, பிள்ளைகளைக் காணப் புறப்படும் பெற்றோர்களே, காப்பீட்டுப் படிவத்தில் உள்ள நோயை உள்ளபடி எழுதுங்கள். கூடுதல் தொகையைக் கொலுசின் விலையோடு சேர்த்துக் கொள்ளுங்கள். நோய்ச் சீட்டுகளின் நகலையும் மருந்துகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். போகும் நாட்டில் எதற்குக் கட்டணம், எதற்கில்லை என்று பிள்ளைகளிடம் முன்னரே கேட்டறியுங்கள். அங்கே அந்நியராய் நிற்கும்போது நாம் எதிர்பார்க்கும் பரிவை, இங்கே நம் நகரில் அந்நியராய் நிற்பவருக்கு அளிக்க மறவாதிருப்போம்.

நம் வீட்டு மாலைச் செபத்தில் இப்போது இரு கருத்துகள் சேர்ந்திருக்கின்றன: மன்னாரிலிருந்து வந்த அந்த மூதாட்டியின் கணவர் எழுந்து நடக்கவேண்டும், நம் சத்திரக் கடனை வாய் திறவாமல் கட்டிவரும் அந்தப் பிள்ளையை ஆண்டவர் ஆசீர்வதிக்கவேண்டும்.