ஆற்றுக் காசு

சேர்த்து வைப்பது மனிதனின் இயல்பு. சிலர் பொன் சேர்ப்பர். சிலர் நிலம் சேர்ப்பர். சிலர் வாழ்நாள் முழுவதும் பகையையே சேர்ப்பர். நாம் சேர்த்தவை பழங்காசுகள். அவற்றுள் பலவற்றை ஒருங்கே விற்றாலும் ஒரு மூட்டை அரிசி வாங்கப் போதாது. ஆயினும், மாலை வேளையில் கடற்காற்று வீச, விளக்கடியில் அமர்ந்து ஒரு தேய்ந்த காசின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து, மண்ணோடு மண்ணாகிவிட்ட ஒரு மன்னனின் பெயரை வாய்விட்டுச் சொல்லும்போது எழும் மகிழ்ச்சிக்கு விலை ஏது?

இக்கட்டுரை அம்மகிழ்ச்சியைப் பற்றியது மட்டுமன்று. சென்ற ஆண்டு பொங்கல் விழாவில், நம் சங்க மேடையில் நின்று ஒரு செய்தியைக் கூறினோம். அன்று கைதட்டிய அன்பர்கள் பலர் இம்மலரையும் படிப்பார்கள். அவர்களுக்கு நாம் ஒரு கடன்பட்டிருக்கிறோம். அதனைத் தீர்ப்பதற்கே எழுதுகோலை எடுத்தோம்.

நம் தந்தையார் கரூர்ப் பக்கத்தவர். கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இளமையிலேயே சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று பகல் மூன்று இரவு கடலைக் கண்டு அஞ்சியபடியே போர்ட் பிளேயருக்கு வந்து சேர்ந்தவர். 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றுள்ள அந்நகரில்தான் நாம் பிறந்தோம். தந்தையார் கொண்டுவந்த தகரப் பெட்டியில் இரண்டு வேட்டி, ஒரு மட்டக்கோல், ஒரு முருகன் படம், ஒரு செப்புக்காசு ஆகியவை இருந்தன. கோடையில் அமராவதி வறண்டு கிடக்கும் காலத்தில், ஆற்று மணலை அரித்துப் பொன் துகளும் உலோகத் துண்டும் தேடுவோர் அப்பகுதியில் உண்டு. அவர்களோடு சிறுவனாகத் திரிந்தபோது கிடைத்த காசு அது. "ஆற்றுக் காசு" என்றே அவர் அதனைச் சொல்லுவார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கிக் கடல் பொங்கியபோது, அவர் கைக்கு முதலில் வந்தவை குடும்ப அட்டையும் அந்தத் தகரப் பெட்டியுந்தான். மேட்டுத் தெருவில் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து, காசு இருக்கிறதா என்று தடவிப் பார்த்ததை நாம் கண்டோம். அவர் மறைந்த பின் காசு நம்மிடம் வந்தது.

இனி, நாம் விரும்பிச் சேர்த்த காசுகளின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். கி.பி. 260ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் வலேரியன், பாரசீக மன்னன் சாப்பூரிடம் சிறைப்பட்டான். பேரரசு ஆட்டங்கண்டது. அவ்வாண்டிலேயே இரைன் ஆற்றங்கரைப் படைத்தலைவன் போசுதுமுசு தன்னைப் பேரரசன் என அறிவித்துக்கொண்டான். கால்லியாவும் பிரித்தானியாவும் இசுப்பானியாவும் அவன் பக்கம் சேர்ந்தன. பதினான்கு ஆண்டுகள் நிலைத்த அத்தனியரசைக் கால்லியப் பேரரசு என்பர் வரலாற்றாசிரியர். உரோமைக் கைப்பற்ற அவன் படையெடுக்கவில்லை. தன் எல்லையைக் காத்து, தன் பெயரில் காசு அடித்துக்கொண்டிருந்தான். 269இல் மைன்சு நகரைக் கொள்ளையிட வேண்டுமென்ற தன் வீரர்களைத் தடுத்ததால், அவர்கள் கையாலேயே மாண்டான். பின்னர் மாரியுசு, விக்டோரினுசு, தெத்ரிக்குசு என ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறினர். 274இல் அவுரேலியன் அந்நாடுகளை மீண்டும் உரோமோடு இணைத்தான்.

இத்தனியரசின் காசுகள் எளியவர்க்கும் எட்டக்கூடியவை. இங்கிலாந்தில் 1978இல் குனேசியோ என்னுமிடத்தில் கிடைத்த புதையலில் மட்டும் 54,951 காசுகள் இருந்தன. அவற்றுள் மிகப் பல இவ்வரசர்களுடையவை. வெள்ளிக்காசு என்பது பெயரளவில்தான். விக்டோரினுசின் காலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட அதில் இல்லை. ஆனால் 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி விடுதலைக் கொடியேற்றிய தீவில் வாழும் நமக்கு, பேரரசிலிருந்து பிரிந்து நின்ற ஓர் அரசின் மீது ஈர்ப்பு உண்டானதில் வியப்பில்லை. புத்தகங்களாலும் படங்களாலும், நண்பர் வழி வந்த இரண்டொரு காசுகளாலும் அவ்வாசையைத் தணித்துக்கொண்டோம்.

அவ்வாறு படித்துவருகையில் ஒரு செய்தி நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. தாய்லாந்தில் சுபன்புரி மாநிலத்தைச் சேர்ந்த ஊ தோங் என்னும் பழம்பதியில், விக்டோரினுசின் காசு ஒன்று கிடைத்திருக்கிறது! செருமனியின் கொலோன் நகரில் அடித்த காசு, வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள ஊரில்! அதே தாய்லாந்தின் கிராபிப் பகுதியில், குவான் லுக் பத் என்னுமிடத்தில், "பெரும்பதன் கல்" எனத் தமிழ்ப் பிராமியில் பொறித்த பொற்கொல்லர் உரைகல் கிடைத்துள்ளது. ரனோங் பகுதியின் பூ காவோ தோங்கில் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடு கிடைத்துள்ளது. அக்கரைகள் நமக்கு எவ்வளவு அண்மை! சென்னைக்கும் நமக்கும் இடையே ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். தாய்லாந்தின் மேற்குக் கரையோ அதனினும் கிட்ட உள்ளது. தமிழகத்திலிருந்து கீழைக் கரைக்கு நேரே கடல் கடந்து சென்ற மரக்கலம் இத்தீவு வரிசையைக் கடந்தே செல்லவேண்டும். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் எனப் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

அன்றிரவு தந்தையாரின் காசை எடுத்தோம். தேய்ந்த தலை ஒன்று. தலையைச் சுற்றி ஏதோ கோடுகள். கதிர்முடி! விக்டோரினுசின் காசில் ஞாயிற்றின் கதிர்கள் போன்ற முடி இருக்கும். எழுத்துகளுள் ஒன்று 'வி' போலத் தோன்றியது. அவ்வளவே, நம் மனம் முடிவு செய்துவிட்டது.

பொங்கல் மேடையில் நாம் கூறியது இதுதான்: "பிரிந்து நின்ற அந்தப் பேரரசின் காசு ஊ தோங்கில் கிடைத்தது, அதே அரசனின் காசு கரூர் ஆற்றிலும் கிடைத்தது, இடையிலுள்ள இத்தீவின் வழியாகத் தமிழர் கலங்கள் சென்றன என்பதற்கு நம் தந்தையாரின் காசே சான்று." அரங்கம் அதிர்ந்தது. வந்தேறிகள் என்று சில வேளை சொல்லக்கேட்டு வாடியிருந்த நெஞ்சங்களுக்கு அச்சொற்கள் இனித்தன. எல்லாரினும் மிகுதியாக நமக்கே இனித்தன.

ஐப்பசியில் நம் மைத்துனர் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு காசுக் கடையில் வாங்கிய விக்டோரினுசின் காசை நமக்குப் பரிசாகக் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் மேசைமீது அருகருகே வைத்தோம். சிறிது நேரம் உற்றுப் பார்த்தவன், தயங்கியபடி, "மாமா, இதில் கதிர் எதுவும் இல்லையே? நெற்றியில் பட்டை கட்டி, பின்னால் முடிச்சுப் போட்டதுபோல் அல்லவா இருக்கிறது?" என்றான்.

நமக்குச் சினமே வந்தது. "வெளிச்சம் போதவில்லை" என்றோம். வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது.

மறுநாள் காலை பழகிய நகைக்கடையில் இரண்டையும் நிறுத்தோம். சிங்கப்பூர்க் காசு மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. தந்தையார் காசு ஒன்றரை கிராம்கூட இல்லை. பின்புறத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்து, லென்சு வைத்துப் பார்த்தோம். ஈட்டி ஏந்திய இரு வீரர்கள்; அவர்களுக்கு நடுவே ஒரு படைக்கொடி. ஐயமே இல்லை. படையின் புகழைப் பாடும் அக்காசு வகை கான்சுதந்தைன் குடும்பத்தாருடையது. கொடி ஒன்றே உடைய காசுகள் 335ஆம் ஆண்டளவில் தொடங்கிச் சில ஆண்டுகள் அடிக்கப்பெற்றவை. அப்போது விக்டோரினுசு இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. நாம் கதிரெனக் கண்டது முத்துப்பட்டையின் தேய்மானம்.

வெட்கம் என்னவெனில், நாம் அறியாதது எதுவும் இதில் இல்லை. இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளைத் தொகுத்து 1994இலேயே நூல் வெளியிட்டுள்ளார். முதல் நூற்றாண்டில் பொன்னும் வெள்ளியும் தமிழகத்திற்குக் குவிந்தன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகள் அதற்குச் சான்று. மூன்றாம் நூற்றாண்டுக் காசு அரிதாகவே கிடைக்கும். நான்காம் நூற்றாண்டில் சிறு செப்புக்காசுகள் வரத் தொடங்கின. அமராவதியில் எடுத்த சிறு செப்புக்காசு எக்காலத்தது என்று பிறர் கேட்டிருந்தால், பாராமலே விடை கூறியிருப்போம். தந்தையின் காசு ஆனமையால் அறிவு கண்ணை மூடிக்கொண்டது.

இத்தனியரசின் வரலாற்றிலேயே நமக்கு இரண்டு பாடங்கள் இருந்தன. கொல்லனாக இருந்து அரசனான மாரியுசு இரண்டே நாள் ஆண்டான் என்று பழைய ஆசிரியர் எழுதிவைத்தனர். இரண்டு நாளில் அடித்து முடியாத அளவு காசுகள் அவன் பெயரில் கிடைத்து, அக்கூற்றைப் பொய்யாக்கின. மற்றொன்று, தொமிசியானுசு என்பவனின் கதை. அவன் பெயர் பொறித்த காசு ஒன்று 1900இல் பிரான்சில் கிடைத்தபோது, போலி என அறிஞர் பலர் ஒதுக்கினர். 2003இல் இங்கிலாந்தின் சால்குரோவில், ஒட்டிக்கிடந்த காசுக் குவியல் ஒன்றிலிருந்து அவனுடைய இரண்டாவது காசு வெளிப்பட்டது. நூறாண்டுப் பழி நீங்கியது. பொய்யென்று தள்ளியது மெய்யாயிற்று. நாம் மெய்யென்று கொண்டாடியதோ பொய்யாயிற்று. காசு இரண்டு இடத்திலும் ஒன்றையே செய்தது: தன்மீது இருந்ததைக் காட்டிற்று.

வாளாவிருந்துவிடலாம் என்றும் எண்ணினோம். யார் வந்து நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் விழாவுக்கு வந்திருந்த ஒரு பள்ளி மாணவி, நம் பேச்சை அப்படியே தன் கட்டுரையில் எழுதிப் போட்டியில் பரிசு பெற்றிருந்தாள். அச்செய்தி செவியில் பட்ட பின் உறக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சென்று, பெற்றோர் முன்னிலையில் உண்மையைச் சொன்னோம். அவள் முகம் வாடியது. சற்றுப் பொறுத்து, "அப்படியென்றால் ஊ தோங் காசும் பொய்யா ஐயா?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா, அது மெய். உரைகல்லும் மெய். பானை ஓடும் மெய். நாம் சேர்த்துக் கட்டிய முடிச்சுதான் பொய்" என்றோம்.

"பிறகு எதற்கு ஐயா அந்த முடிச்சு? அது இல்லாமலே கதை நன்றாகத்தானே இருக்கிறது!"

பதின்மூன்று வயதுக் குழந்தையின் அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. தமிழர் இக்கடலைக் கடந்தனர் என்பதற்குக் கல்லும் ஓடும் சான்று பகர்கின்றன. அதற்குமேல் நம் வீட்டுப் பெட்டியிலிருந்தும் ஒரு சான்று வேண்டும் என்று நாம் தேடியது, இம்மண்ணில் நிற்க நமக்குப் போதிய உரிமை இல்லையோ என்ற உள்ளச்சத்தால் அன்றோ? கரணையும் மட்டக்கோலும் பிடித்து இத்தீவில் சுவர் எழுப்பிய தந்தைக்கு மகனாயிருப்பதைவிடப் பெரிய உரிமை எது?

வீட்டுக்கு வந்து இல்லாளிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவள் பரிவோடும் சிறிது குறும்போடும் கேட்டாள்: "மாமா எப்போதாவது உரோமாபுரி, பேரரசு என்று சொன்னாரா? ஆற்றுக் காசு என்றுதானே கடைசிவரை சொன்னார்!"

உண்மைதான். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இப்போது இரண்டு காசுகளையும் தனித்தனி உறையில் இட்டு வைத்துள்ளோம். ஒன்றின்மேல் "விக்டோரினுசு, கொலோன், சிங்கப்பூரில் வாங்கியது" என எழுதினோம். மற்றொன்றின்மேல் காலத்தையும் வகையையும் குறித்துவிட்டு, அவற்றுக்கு மேலே, சற்றுப் பெரிய எழுத்தில், "அப்பாவின் ஆற்றுக் காசு" என்று எழுதினோம்.