இட்லித் தட்டும் எட்டு பிட்டும்

அட்டைப்பெட்டியின் மேல் 99,99,999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பது உள்ளங்கை அளவில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேசட். பெட்டியில் செருகி, டிவியின் மூன்றாவது சேனலைத் திருகிப் பிடித்தால் பட்டியல் ஓடும். முதல் இருபது முப்பதுதான் நிஜம். அதன் பிறகு அதே மரியோ வேறு பெயரில் வருவார். அதே டாங்க் ஐந்தாவது கட்டத்திலிருந்து தொடங்கும். 1990களின் நடுவில் வீடியோ கேம் கிடைத்த வீடுகளில் இந்த மோசடியைக் கண்டுபிடிக்காத பையன்கள் அநேகமாக இல்லை. கண்டுபிடித்துக் கோபப்பட்டவர்களும் இல்லை. முப்பது ஆட்டமே ஒரு கோடைக்குப் போதும்.

பெங்களூர் நீலசந்திராவின் சந்து ஒன்றில் அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது அவனுக்கு ஒன்பது வயது. அது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபாமிகாம் கருவியின் நகல். நிண்டெண்டோவின் கருவி ‘சாமுராய்’ என்ற பெயரில் இந்தியக் கடைகளுக்கு வந்ததுண்டு. ஆனால் நீலசந்திரா போன்ற இடங்களுக்கு வாய்த்தது ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ வகையறாதான். சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் என்றால் பெங்களூர்க்காரர்களுக்கு மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டும் எஸ்.பி. ரோடும். ரசீது, கியாரண்டி போன்ற வார்த்தைகளை அங்கே உச்சரிப்பது அநாகரிகம்.

சந்தில் நாலு பாஷை. வீட்டுக்குள் தமிழ், கடையில் கன்னடம், பக்கத்து வரிசையில் தக்கணி உருது, எதிர்வீட்டில் தெலுங்கு. விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு வியாழக்கிழமை வரும் கூட்டத்தில் இத்தனையும் ஒரே நேரத்தில் கேட்கும். டிவி முன்னால் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. பட்டியல் அரைகுறை ஆங்கிலம், மீதி ஜப்பானியக் கோடுகள். யாருக்கும் படிக்கத் தெரியாது, ஆகவே எல்லோரும் சமம். பேச்சுக்கு ‘லைஃப்’, ‘சான்ஸ்’, ‘மச்சா’ என்ற மூன்று சொற்களே தாராளம். (மச்சா எந்த மொழிக்குச் சொந்தம் என்பது பெங்களூரில் இன்னும் தீராத வழக்கு.)

அந்த ஆட்டங்களைச் செய்தவர்களின் குறும்பு புத்தியை அவன் பெரியவனான பிறகுதான் ரசித்தான். வாத்து சுடும் ஆட்டத்தில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்துவிடும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம் மின்னும். குழாய் முனையில் உள்ள ஒளி உணரும் கருவி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். பையன் சுடவே இல்லை, துப்பாக்கி பார்த்தது, அவ்வளவுதான். இந்தத் தந்திரம் குழாய் டிவியோடு சரி. இன்றைய தட்டை டிவியில் அந்தப் பழைய துப்பாக்கியால் எந்த வாத்தும் சாகாது.

1985இல் வந்த சூப்பர் மரியோவில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே படம். மேலே வெள்ளை, கீழே பச்சை. முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததால் இந்தச் சிக்கனம். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ அதைவிடப் பெரிதாக இருக்கும்.

அவனுக்கு உயிர் டாங்க் ஆட்டம்தான். அதன் நிஜப் பெயர் ‘பேட்டில் சிட்டி’ என்பதோ, நாம்கோ நிறுவனம் 1985இல் ஃபாமிகாமுக்காக ஜப்பானில் மட்டுமே அதை வெளியிட்டது என்பதோ அவனுக்குத் தெரியாது. கள்ளக் கேசட் புண்ணியத்தில் உலகம் சுற்றிய ஆட்டம் அது. அதில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று ஒரு வசதி உண்டு. பதிமூன்றுக்குப் பதிமூன்று கட்டங்களில் செங்கல், இரும்பு, தண்ணீர், மரம் வைத்து ஊரை நீங்களே கட்டிக்கொள்ளலாம். அவன் நீலசந்திராவைக் கட்டினான். மெயின் ரோடு, இரண்டு சந்து, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும் மூலை. கீழே நடுவில் காப்பாற்ற வேண்டிய கழுகு. அது அவன் வீடு. கரண்ட் போனால் ஊர் அழிந்துவிடும், சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் தினமும் போனது. மறுநாள் மறுபடியும் முதல் செங்கலிலிருந்து கட்டுவான்.

‘கான்ட்ரா’வில் மூன்று உயிர்தான். முப்பது கிடைக்க ஒரு மந்திரம் உண்டு: மேலே இரண்டு, கீழே இரண்டு, இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கொனாமி நிறுவனத்தில் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தன்னாலேயே ஜெயிக்க முடியாமல் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. 1986இல் ஆட்டம் அதோடேயே வெளியாகிவிட்டது. கான்ட்ராவுக்கும் வந்து சேர்ந்தது. அவர் 2020இல் இறந்தார். அவர் பெயரைக் கேள்விப்படாமலே, உருது பேசும் நண்பன் சொல்லச் சொல்ல, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் அந்த மந்திரத்தை எழுதிக்கொண்டான். எழுத்தில் அல்ல, அம்புக்குறிகளில். எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை.

மற்ற இடங்களில் எழுந்தது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அப்போது அவனுக்கு ஆறு வயது. நினைவில் இருப்பது இரண்டு: சாத்திய ஜன்னல், பஸ்ஸில் சத்தமாகப் பேசாதே என்று அம்மா பிடித்த கை. வாணியம்பாடி பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த அப்பா அதற்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தார். பையனுக்குப் பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், மூன்றாவதாக இந்தி. தமிழ் சொல்லித்தரும் பள்ளிகள் ஊரில் இல்லாமல் இல்லை. ஆனால் பையன் இங்கேதான் பிழைக்கப் போகிறான், தமிழ்தான் வீட்டில் இருக்கிறதே என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை இருப்பதாக யாரும் சொல்லிவிட முடியாது. கன்னடம் தெரிந்ததால்தான் அவனுக்கு முதல் வேலை கிடைத்தது. வீட்டில் இருந்த தமிழ் காதில் மட்டும் இருந்தது, கண்ணுக்கு வரவில்லை. கர்நாடகத்திலும் மும்பையிலும் டெல்லியிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ரஜினி படத்தின் வசனம் முழுவதும் மனப்பாடம், போஸ்டரில் பெயர் படிக்க வராது.

இதற்கிடையில் பெங்களூரே வீடியோ கேம் செய்யும் ஊராகிவிட்டது. ராஜேஷ் ராவ் 1997இல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று. மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்சா’ கார்ப் பந்தய ஆட்டங்களுக்கு இங்கே படம் போட்டார்கள். 2019இல் ராக்ஸ்டார் நிறுவனம் துருவாவை வாங்கியது. உலகத்தரமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதில் இந்த ஊரின் சந்தோ சாப்பாடோ பேச்சோ வர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அது வந்தது கனடாவிலிருந்து. டொரோண்டோவின் விசை கேம்ஸ், அபி என்ற தமிழ் இளைஞரின் வடிவமைப்பில், 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்த் தம்பதியின் கதை. வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். சுட ஒன்றுமில்லை, ஓடவும் வேண்டாம், சமைக்க வேண்டும். அம்மாவிடமிருந்து வந்த குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. விடுபட்ட வரியை ஊகித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்வதுதான் புதிர். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் இதற்குச் சுயேச்சை விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் கிடைத்தன. விருதைவிட முக்கியம், இட்லித் தட்டில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றியதே. வாத்துத் துப்பாக்கி செய்த மூளைக்கு இது சற்றும் இளைத்ததல்ல.

அந்த வருடக் கோடை விடுமுறையில் நீலசந்திரா வீட்டில் மகளின் லேப்டாப்பில் அவர் – இனி ‘அவன்’ என்று சொல்ல முடியாது, நாற்பதை நெருங்குகிறவர் – இட்லி ஊற்ற உட்கார்ந்தார். கான்ட்ராவை முடித்த கை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இட்லி வேகவில்லை. மறுபடி அடுக்கினார். மகள் சிரித்தாள். அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

“டேய், குழி மேல குழி வைக்காதடா. ஓட்டை மேல வர்ற மாதிரி திருப்பி வை. ஆவி எப்படி ஏறும்?”

திருப்பி வைத்ததும் வெந்தது. வீடியோ கேமையே கண்ணைக் கெடுக்கும் சனியன் என்று முப்பது வருடம் வைதவர், முதல் முயற்சியிலேயே ஒரு கட்டம் தாண்டிவிட்டார். “இதுக்கா ரெண்டு பேரும் இவ்ளோ நேரம்?” என்று கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதை போகப் போக நாற்காலியில் பேச்சு குறைந்தது. பள்ளிக்குப் போன கவின் புட்டு வேண்டாம், பீட்ஸா வேண்டும் என்கிறான். அவன் பெயர் வெளியே கெவின் ஆகிறது. அம்மா தமிழில் கேட்டால் மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். மகளுக்கு அது சாதாரணம்; அவளும் அப்பாவும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஆயாவுடன் மட்டும் தமிழ், அதுவும் வினைச்சொல் வரை போனால் அதிசயம். வளர்ந்த கவின் அதே குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கத் தடுமாறும் இடம் வந்தபோது, மகள் திரும்பி, “ஆயா, உன்கிட்ட இந்த மாதிரி புக் இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. பீரோவின் மேல் தட்டில், கோடு போடாத பழைய கணக்கு நோட்டு. காகிதம் வீணாகக் கூடாது என்று மகன் விட்டுவைத்த பக்கங்களில் அம்மா எழுதி வந்தது. வத்தக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடி, நடுவில் பால்காரர் பாக்கி. எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவரின் சாய்ந்த, அவசரமான கையெழுத்து. அவர் ஒரு பக்கத்தைப் பிரித்தார். கண் வரிகளின் மேல் ஓடியது, எதிலும் நிற்கவில்லை. அந்தக் கையெழுத்தை வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார். ஒரு வரியும் படித்ததில்லை.

“நான் சொல்றேன், நீ எழுதிக்கோ” என்றார் அம்மா. அவர் சொன்னார், மகன் தன் போனில் ஆங்கில எழுத்தில் ஏற்றினார். தமிழ் தெரிந்து எழுத்து தெரியாதவர்களின் பொதுவழி இது, வேலையும் நடக்கும். ஆனால் ஆங்கில எழுத்தில் புளியும் புலியும் ஒன்று. மகள் போனை வாங்கி உரக்கப் படித்தாள்: “எலுமிச்சை அளவு புலி எடுத்துக் கரைத்து...”

ஆயா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகு நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பேனா கேட்டு வாங்கி, இடம் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அங்கே காலியாக இருந்த ஓரத்தில் பெரிதாக மூன்று எழுத்து எழுதினார்: ல, ள, ழ. மகனும் பேத்தியும் குனிந்து பார்த்தார்கள்.

“இது என்ன?” என்று பேத்தி விரலை வைத்த இடத்தில் எழுத்து எதுவும் இல்லை. மங்கிப்போன பால்பாயின்ட் நீலத்தில் எட்டு அம்புக்குறிகள். இரண்டு மேலே, இரண்டு கீழே, பிறகு இடமும் வலமும்.

“அது உங்க அப்பன் கிறுக்கினது. எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் ஆயா.