பழைய ரைபிளுக்குப் புதுக் குழல்

எம் பாட்டனார் வேட்டையை விட்டு ஆண்டுகள் பல கழிந்தன. எனினும் உரிமம் பெற்ற தமது.315 ரைபிளை விட்டாரில்லை. வைத்த குறியிற் குண்டு சேரவில்லை, கண் போயிற்று என்று அவர் வருந்தக் கண்டு, சென்ற கோடை விடுமுறையில் அதன் குழலை வெளிச்சத்தில் நோக்கினோம். உள்ளே புரிகள் துருவுண்டு மழுங்கியிருந்தன. பழுது கண்ணினதன்று!

புதுக் குழல் .303 அளவினதாக இருக்கட்டும் என்று வாதித்தோம். இரு பெரும் போர்களிலும் நம் படைஞர் ஏந்திய லீ-என்பீல்டின் அளவன்றோ அது! இதன் உடலும் தாழும் அவ்வினத்தனவே. துப்பாக்கி செப்பனிடும் முதியவர் நகைத்தார்.

"தம்பி, அது குடிமக்களுக்கு விலக்கப்பட்ட அளவு. அதனாலன்றோ .315 வந்தது?"

7.62 மி.மீ. என்றோம், விடாது. அதுவும் விலக்கே என்றார். மேலும், 1960-களில் இச்சாப்பூர்த் தொழிற்சாலை இவ்வகை ரைபிளை அத்தோட்டாவுக்கு ஆக்கியபோது உடலின் எஃகையே மாற்றியதாம். அத்தோட்டாவின் அடியிற் புடைத்த விளிம்பில்லை. ஆதலின் உறையை இழுக்கும் கொக்கியும், தோட்டாப் பெட்டியுங்கூட மாறவேண்டியவாயின. குழலை மட்டும் மாற்றி ஒருவன் சுடுவானாயின் ஆபத்து அவன் முகத்தருகேயே நேரும். அதே .315 குழலை முறுக்கினாலும், தாழின் முகத்திற்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலிட்டுச் சோதித்தே தருவாராம். வெளி மிகின் உறை கிழியும்.

.315 என்றே முடிவாயிற்று. குழல் இன்னும் வந்திலது. பாட்டனாரோ நாடோறும் காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, கைத்தடியால் எதிர்வீட்டுத் தென்னங்காயைக் குறி பார்க்கின்றார்.