ஆக்சில் மட்டம்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளை வெளியே இழுத்தேன். இரண்டு டயரும் சப்பை. பம்ப் அடித்தால் அடித்த காற்று அப்படியே இறங்கியது. வால்டியூப் காய்ந்து வெடித்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த ரப்பர் குழாய் வீட்டில் ஒன்று இல்லை. கடையும் திறக்கவில்லை. முந்தைய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர் பக்கம் அடையாறு தெருவுக்குள் வந்திருந்தது. பைக் சைலன்சருக்குள் தண்ணீர். அம்மாவின் இன்சுலினுக்காக மேற்குத் தாம்பரம் கடைத்தெரு வரை நடந்தே போய் வந்தேன்.

அன்றிலிருந்து ஸ்டேஷனுக்கும் காய்கறிக்கும் ரேஷனுக்கும் சைக்கிள்தான். "வண்டிக்கு என்ன ஆச்சு சார்?" என்று இன்றும் கேட்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. தினம் ஓட்டினால்தான் எந்த பிரேக் கட்டை தேய்கிறது, எந்த டயர் மெல்ல இறங்குகிறது என்று கைக்குத் தெரிகிறது.

பாரம் ஏற்றவும் பழக வேண்டியிருந்தது. 20 கிலோ அரிசி மூட்டையைக் கேரியரில் நிறுத்திவைத்தால் வளைவில் வண்டி ஆடும். குறுக்கே படுக்கவைத்து, பழைய டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டையால் இரண்டு சுற்று இழுத்துக் கட்டினால் அசையாது. கயிறு நனைந்தால் நழுவும். டியூப் பட்டை கவ்விப் பிடிக்கும்.

2016 வர்தா புயலில் தண்ணீரைவிட மரங்கள்தான் தொல்லை. விழுந்து கிடந்தவற்றைச் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டினேன். கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

வெள்ளத்தில் என் கணக்கு ஒன்றுதான். தேங்கிய தண்ணீர், அதுவும் ஆக்சில் மட்டம் வரை என்றால் ஓட்டலாம். அதற்கு மேல் இறங்கித் தள்ள வேண்டும். ஓடுகிற தண்ணீர் என்றால் வந்த வழியே திரும்பிவிடுவேன். தள்ளும்போது முன்சக்கரம்தான் ஊன்றுகோல். 2023 மிக்ஜாம் புயலின்போது மூடியில்லாத மழைநீர்க் கால்வாய்க்குள் அது இறங்கியது. என் கால் தப்பியது, ரிம் எட்டுப் போட்டது. கடையில் கோட்டம் எடுத்துத் தர அரை நாள் ஆனது. இன்னொன்று: நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்காது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே அழுத்தத் தொடங்க வேண்டும்.

தண்ணீர் வடிந்ததும் பலர் துடைத்து நிறுத்திவிடுகிறார்கள். நான் சீட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்ப்பேன். பிரேம் குழாய்க்குள் புகுந்த தண்ணீர் பழுப்பாகக் கொட்டும். பிறகு சக்கரத்தைப் பிரித்து, பேரிங் பால்ஸை மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சக்கரம் கறகறவென்று அரைக்கத் தொடங்கும்.

எங்கள் தெருவில் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள்கள் ஏழெட்டு வீடுகளில் துருப்பிடித்து நிற்கின்றன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெளியே இழுத்துக் காற்றடித்துப் பாருங்கள். கடைக்குப் போனால் வால்டியூப் நான்கு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.