மீண்டும் எடுத்த ஊசி

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அங்கர் நூல்கட்டுகள், துணியை இழுத்துப் பிடிக்கும் மரவளையம், உம்மா தன் கையால் பூ மாதிரிகள் வரைந்து வைத்த கடதாசிகள். பின்னேரங்களில் அந்த டின்னைத் திறந்தால் எனக்கு உலகமே மறந்துவிடும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கி எங்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தது. ஊரைவிட்டுப் போக இரண்டு மணி நேரம் தந்தார்கள். வழியில் காதிலிருந்த தோடும் போனது. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பிஸ்கட் டின்னின் நினைவு எனக்கு வந்தது வவுனியாவைத் தாண்டிய பிறகுதான்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வாழ்க்கை. கிழிசல் தைக்க ஊசி எடுத்தேன், பூப்போட எடுக்கவில்லை. மாற்றுடைக்கே வழியில்லாத இடத்தில் பூ வேலை ஒரு கேடா என்று மனம் கேட்டது. உம்மாவோ பேச்சையே குறைத்துக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் ஒரு சொல். மற்ற நேரமெல்லாம் வாசலைப் பார்த்தபடி இருப்பார்.

1992இல் ஒரு நாள் பக்கத்துக் கொட்டில் ராத்தா வெள்ளைத் துணியொன்றோடு வந்தார். நிவாரணமாய்க் கிடைத்த கோதுமை மாப் பையைப் பிரித்து, அவித்து வெளுத்த துணி.

"மகளுக்குக் கலியாணம். தலையணை உறையில ஒரு பூப் போட்டுத் தா புள்ள. வெறுந் துணியாக் குடுக்க மனம் வருகுதில்ல" என்றார்.

மறுக்க முடியவில்லை. கிழிந்த சேலைக் கரையிலிருந்து சிவப்பும் பச்சையுமாக நூலை உருவினேன். வளையம் இல்லாததால் துணியை முழங்காலில் இழுத்துப் பிடித்தேன். காம்புத் தையலில் நூல் எப்போதும் ஊசியின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அதைக் கை மறக்கவில்லை. ஆனால் உம்மாவின் பூ நினைவில் சரியாக இல்லை. தோராயமாக வரைந்து தைத்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆறு இதழ் புள்ள, அஞ்சில்ல."

உம்மா என் கையிலிருந்த துணியை வாங்கினார். தைத்ததைப் பிரித்தார். கரித்துண்டால் பூவைப் புதிதாக வரைந்தார். அன்று குப்பி விளக்கு வெளிச்சத்தில், அந்த மாதிரியைத் தனக்கு யார் பழக்கியது, எந்தக் கலியாணத்துக்கு முதலில் தைத்தது என்றெல்லாம் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு வருடப் பேச்சு அது.

அடுத்த வருடம் உம்மா மௌத்தாகிவிட்டார். யுத்தம் முடிந்தபின் 2010இல் ஊருக்குப் போனேன். கூரையற்ற சுவர்களுக்குள் செடிகள் வளர்ந்திருந்தன. டின்னைத் தேடவில்லை.

சகோதரிகளே, இழந்தவளுக்குப் பூ வேலை எதற்கு என்று நானும் கேட்டவள்தான். அன்று அந்த உறையைத் தைக்காமல் விட்டிருந்தால், உம்மாவின் குரலை நான் மீண்டும் கேட்டிருக்க மாட்டேன். இப்போது பேத்திக்குத் தையல் பழக்குகிறேன். அவள் அவசரக்காரி, அடிக்கடி ஐந்து இதழோடு நிறுத்திவிடுவாள். அப்போது அந்த வசனம் என் வாயில் தானாக வருகிறது.